இரண்டு சக்கரம் இழுத்தால் போதாதா

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம் என்று கிடக்கிற பனிமலைப் பாதையில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து, வீட்டுக்கு ஒரு கார் வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அதுல ஃபோர் வீல் உண்டுமா?" என்பதுதான்.

அந்தக் காரில் நாங்கள் போகப்போகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம். காய்கறி மார்க்கெட். சுரண்டையில் என் அக்கா வீடு. கோயம்புத்தூரில் படிக்கிற மகள் வந்தால் ஏற்றி இறக்க ரயில் நிலையம். எல்லாம் தார் ரோடு. சாரல் காலத்தில் ரோடு நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். செங்கோட்டை போகிற வழியில் பனி பெய்ததாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்கூட்டரில் போய்ப் போய் எனக்கு முதுகுவலி வந்து, இனிமேல் அதைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் கார் பேச்சே வந்தது. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு சின்ன வண்டி. முன் சக்கரம் இரண்டும் இழுக்கும், பின் சக்கரம் இரண்டும் சிவனே என்று பின்னால் உருண்டு வரும். அவர் கேட்கிற ஃபோர் வீலில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்; அப்படிப்பட்ட வண்டி என்றால் கனம் அதிகம், உயரம் அதிகம், டீசலும் நன்றாகக் குடிக்கும். எங்கள் தெருவில் அதைத் திருப்புவதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துவிடும்.

"மழை பெஞ்சா என்ன செய்வ?" என்பார்.

"வைப்பர் போடுவேன்."

"வழுக்குனா?"

"மெதுவாப் போவேன். உங்க ஃபோர் வீலு, வண்டியக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துததுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலயும் பிரேக்கு இருக்கு. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தந்திருக்காங்க."

"டிரைவிங் ஸ்கூல்ல" என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சண்டைக்கு அடியில் இன்னொரு விஷயம் கிடந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே சண்டை போடவில்லை. எங்கள் பக்கத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் வீட்டில் அதிக நாள் இருப்பதில்லை. பாங்கில் காவலுக்கோ, எங்காவது கம்பெனியில் வண்டிகளை மேய்க்கவோ மறுபடியும் கிளம்பிவிடுவார்கள். இவருக்கும் ஒரு அழைப்பு வந்திருந்தது. இவருக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர், வடக்கே மலையில் ரோடு போடுகிற இடங்களுக்குச் சாமான் அனுப்புகிற தொழில் நடத்துகிறார். லாரிகளைப் பார்த்துக்கொள்ள வா என்று கூப்பிட்டார். "ஆடி கழியட்டும் சார், சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்" என்று இவர் என்னிடம் சொன்னார்.

நான், "உங்க இஷ்டம்" என்றேன்.

எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் "நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்று சொல்லியே அவரை ரயில் ஏற்றிவிட்டவள் நான். மோட்டார் ஓடாவிட்டால் ஆள் கூப்பிடுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மகளைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் நான்தான். இப்போது அவர் வந்துவிட்டார். ஆனால் அவர் காலையில் எழுந்து டீ குடித்து முடிப்பதற்குள் வீட்டு வேலை எல்லாவற்றையும் நானே முடித்திருப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது. அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். நடந்துவிட்டு ஃபோர் வீலைப் பற்றிப் பேசுவார். அவர் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆடியில் எங்கள் ஊரில் யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள், புது வேலையிலும் சேரமாட்டார்கள். அதனால் வண்டி, வேலை இரண்டுமே ஆவணிக்கு என்று தள்ளிப்போனது. ஆனால் ஆடியில் குற்றாலத்தில் சீசன். தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மாதத்தில் வீடு அவர்களுடையதில்லை. எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்றே நினைவில்லாத சொந்தமெல்லாம், "சாரல் எப்படி இருக்கு?" என்று போன் போட்டு அன்பாக விசாரிக்கும். நல்லாயிருக்கு என்று சொன்னால் மறுநாளே பையோடு வந்து இறங்கும்.

அப்படி அவருடைய அக்கா, எனக்கு மதினி, மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். இவருக்குச் சரியான சாக்கு கிடைத்தது. ராணுவத்தில் கூட இருந்த சுரண்டைக்கார நண்பரிடம் ஒரு ஃபோர் வீல் ஜீப் உண்டு. அதை இரவல் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். "இப்பப் பாரு" என்றார்.

பார்த்தேன். மதினி கனத்த உடம்புக்காரி. ஜீப்பின் படி அவள் முழங்காலுக்கு மேல் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதில் அவளை ஏற்றி, பின்னாலிருந்து நான் தள்ளி, முன்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் இழுத்து உள்ளே அடைத்தோம். இறங்கும்போதும் வேண்டும் என்று ஸ்டூலும் கூடவே ஏறியது. அருவியில் எண்ணெய் சோப்பு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று ஆனபிறகு, விருந்தாட்கள் வீட்டிலேயே தலை நிறைய நல்லெண்ணெயை வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அத்தனை எண்ணெய்த் தலைகளும் ஜீப்புக்குள் வரிசையாகச் சாய்ந்துகொண்டன. நண்பருடைய சீட்டை நினைத்து எனக்குத்தான் கவலை. எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர்கள் சக்கரத்தைப் பார்ப்பதைவிட, துடைத்தால் எண்ணெய் போகிற சீட்டா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மெயின் அருவி பக்கம் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நான்கு சக்கரமும் இழுக்கிற எங்கள் ஜீப், ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. ஒருவழியாக ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு எல்லோரும் ஏறித் திரும்பும்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. இலஞ்சிப் பக்கமாக வயலுக்குள் போகிற ஒரு வண்டிப்பாதையில் திருப்பினார். "குறுக்கு வழி. கூட்டமே இருக்காது" என்றார்.

"ஏலே, ரோட்டுல போலே!" என்றாள் மதினி.

"எக்கா, நான் எங்கன எல்லாம் ஓட்டியிருக்கேன் தெரியுமா?"

நடவுக்காக உழுது சேறாக்கிப் போட்டிருந்த வயல்கள் இரண்டு பக்கமும். பாதையும் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது. பாதி தூரத்தில் ஜீப் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தார்! ஃபோர் வீல் லிவரைப் பிடித்துப் போட்டு, "இப்பப் பாரு" என்று மறுபடியும் சொன்னார். நான்கு சக்கரமும் ஒற்றுமையாகச் சேற்றைத் தோண்டின. சின்ன வண்டியாக இருந்திருந்தால் இரண்டு குழியோடு போயிருக்கும். நாங்கள் நான்கு தோண்டினோம்.

எல்லோரும் இறங்கினோம். ஸ்டூலை வைத்தால் அதுவும் சேற்றில் இறங்கியது, மதினியோடு சேர்ந்து. அருவியில் குளித்து வந்த அத்தனை பேரும் முழங்கால் சேற்றில் நின்று தள்ளினோம். பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரோடு அங்கன இருக்கு" என்றார்.

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிராக்டர்காரர் கயிறு கட்டி ஜீப்பை இழுத்துவிட்டார். "நல்ல வண்டிதான்" என்று ஆறுதலும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வாசலில் அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கேலி செய்யலாம் என்றுதான் போனேன். எண்ணெயும் சேறுமாக இருந்த சீட்டைத் தேய்த்துக்கொண்டே அவர் தானாகப் பேசினார்.

"அங்க வண்டி மாட்டிக்கிட்டா இப்படித்தான் எல்லாரும் எறங்கித் தள்ளுவோம். ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் திட்டுவான். இன்னைக்கு அதே மாதிரி இருந்துச்சு, ஏட்டி."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்தபிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. வாயில் வந்த கேலி அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதர் ஆவணி பிறந்ததும் கிளம்பிவிடுவார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. அதன்பிறகு ஃபோர் வீல் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மதினி ஊருக்குப் போனாள். ஜீப்பும் சுரண்டைக்குப் போனது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து ஷோரூமுக்குப் போனோம். நான் கேட்ட சின்ன வண்டியும் அவர் கேட்ட பெரிய வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் பெரிய வண்டி பக்கமே போகவில்லை. நேராகச் சின்ன வண்டியின் கதவைத் திறந்து, "உக்காரு" என்றார். சீட்டை முன்னால் தள்ளி, கிளட்ச் என் காலுக்கு எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். கண்ணாடியை என் கண்ணுக்குத் தக்கபடி திருப்பினார். அங்கே இருந்த விற்பனைப் பெண்ணிடம் ஜாக்கியை எடுக்கச் சொல்லி, "டயர் பஞ்சர் ஆனா இவ ஒத்தையில மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியும் சார். ரொம்ப ஈஸி."

"அப்ப இதையே எடுத்துருவோம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அந்த 'ஒத்தையில' போய் உறைத்தது.

"நான் ஏன் ஒத்தையில மாத்தணும்?"

அவர் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அங்க இருக்கும்போது நீ ரோட்டுல நின்னு கஷ்டப்படக் கூடாதுல்லா. ஆடிதான் கழிஞ்சிட்டே. வாரேன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். இங்க நீதான் எல்லாத்தையும் சமாளிச்சுக்கிடுதியே."

நான் வண்டியை விட்டு இறங்கினேன். பெரிய வண்டிக்குப் போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இதுதான் வேணும்."

"ஏட்டி, என்ன சொல்லுத? இத்தன நாளா வேண்டாம் வேண்டாம்னு..."

"இத என்னால ஓட்ட முடியாது. இதுக்கு வீட்டுல ஒரு ஆளு இருக்கணும். நீங்க இருந்து ஓட்டுங்க."

விற்பனைப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி நகர்ந்தாள். கெட்டிக்காரப் பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷோரூம் என்றும் பார்க்காமல் சொன்னேன்.

"எனக்குச் சமாளிக்கத் தெரியும்ங்க. சமாளிச்சு சமாளிச்சு அலுத்துப்போச்சு. நீங்க இருந்தா நல்லாயிருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல. போவாதிய."

அவர் என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.  சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு பாதி திறந்தபடி இருந்தது. இந்தியில் பேசினார். சில காலம் அவரோடு குவார்ட்டர்ஸில் இருந்தபோது காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் நான் இந்தி கற்றுக்கொண்டேன். ஆனால் 'நஹி சார்' என்றால் 'இல்லை சார்' என்று புரிய அதுவே போதும். அதை அவர் இரண்டாவது தடவை சொன்னபோது குரல் தெளிவாக இருந்தது.

உள்ளே வந்து, "பெரிய வண்டி எப்பம்மா கிடைக்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"எதுக்கு? சின்னதே போதும்" என்றேன் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. விற்பனைப் பெண் தண்ணீர் டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

சின்ன வண்டி வந்த அன்று கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "பின்சக்கரந்தான் வேலையே செய்யாதே, அதுக்கு எதுக்குப் பழம்?" என்று அவர் கேட்டார். அவருக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கிளட்ச விடு, பஸ்காரன் வாரான், ஒதுங்கு" என்று வாய் ஓயாமல் வந்தார். நான் அதட்டினால் ஒரு நிமிஷம் சும்மா இருப்பார்.

எங்கள் தெருவில் திரும்பியதும் எதிர்வீட்டு அக்கா வண்டியைப் பார்க்க ஓடி வந்தாள். அவர் எப்போது லீவில் வந்தாலும் தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பழக்கதோஷத்தில் அவளும் ஜன்னல் வழியாகக் குனிந்து அவரிடம் அதையே கேட்டாள்.

"அண்ணாச்சி, மறுபடி எப்பக் கெளம்புதிய?"

இத்தனை வருஷமாக அதற்குத் தேதி சொல்லிப் பழகிய நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"கெளம்பல. இங்கனதான் இருக்கேன்."