பெரிய சம்பந்தியும் எங்கள் முப்பாட்டனாரும்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அமெரிக்காவில் எங்கள் பிளசன்டன் வீட்டு பேக்யார்டில் இருந்தவர்கள் இவர்கள்: அண்ணி, மகள் நித்யா, மருமகன் ஈவன், பேத்தி மாயா, ஈவனின் தந்தையும் எங்கள் சம்பந்தியுமான அலன் அவர்கள், டெக்சாஸிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன், அவர் மனைவி, அண்ணனோடு சான் ஹோசேயில் வேலை பார்த்த நண்பர்கள் இருவர், லிவர்மோரிலிருந்து வந்த ஐயர், பிறகு நான். வேறு யாரும் இல்லை. இந்த நினைவு மலரில் இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று அங்கே பேசப்பட்ட ஒரு பேச்சை இத்தனை பேரும் கேட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் யார் யாரிடம் சொன்னார்களோ என்று நினைத்து நினைத்தே எனக்கு இந்த ஒரு வருடம் போய்விட்டது.

காரியம் முடிந்து, இலை போடுவதற்கு முன் சம்பந்தி எழுந்து நின்றார். அவர் பிறந்த ஸ்காட்லாந்து வம்சத்தின் கட்டம் போட்ட உடையை மரியாதைக்காக உடுத்தி வந்திருந்தார். முருகேசன் அண்ணன் என் காதருகே, "என்ன வசந்தா, சம்பந்தி பாவாடை கட்டீட்டு வந்துட்டாரு?" என்றார். நான் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினேன். சம்பந்தி கண் கலங்கப் பேசினார். "என் முன்னோர் ஒரு பிரபு. மறைந்த என் சகோதரர், என் சம்பந்தியின் முப்பாட்டனாரும் பன்னிரண்டு கிராமங்களை ஆண்ட பிரபு. இரண்டு பிரபுக்களின் ரத்தம் மாயாவிடம் சேர்ந்திருக்கிறது" என்று அவர் சொன்னதை நித்யா தமிழில் எடுத்துச் சொன்னாள். முருகேசன் அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து சம்பந்தி அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

ஏனென்றால் எங்கள் முப்பாட்டனார், அதாவது எங்கள் தாத்தாவின் அப்பா, பிரபு அல்ல. அவர் பெயர் குப்பன். தாராபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் கடனுக்காக அடைபட்டுக் கிடந்த பண்ணையாள். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். இது முருகேசன் அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் வாழ்க்கையை முறையாகச் சொல்லிவிட்டு மறுபடி இங்கே வருகிறேன்.

அண்ணன் பிறந்தபோது அப்பா நூல் மில்லில் கூலி வேலையில் இருந்தார். பஞ்சுத் தூசியில் இருமி இருமியே அண்ணனைப் படிக்க வைத்தார். அண்ணன் விடுதியில் தங்கி, பிறர் போட்டுக் கழித்த சட்டையோடு இன்ஜினியரிங் முடித்தார். சென்னையில் சில வருடம், பிறகு அமெரிக்கா. சான் ஹோசே கம்பெனிக்கு பிளசன்டனிலிருந்து மலையைத் தாண்டி தினமும் காரில் போய் வருவார். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டது கிடையாது. அப்பா, அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்தார். என் வீட்டுக்காரர் தவறியபின் எனக்கு ஸ்பான்சர் பண்ணி, வருடக்கணக்காகக் காத்திருந்து, என்னையும் இங்கே கூட்டி வந்தார். "அடுப்புக்கிட்ட நிக்கவா வந்தே? உக்காந்து சாப்புடு" என்று முதல் நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் தீங்கு நினைத்தவர் இல்லை. கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியவர் இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு நல்லது சொல்ல இருக்கும்போது இந்த ஒன்றை ஏன் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நித்யா ஈவனைக் கல்யாணம் செய்த பிறகு ஒவ்வொரு கோடை முடிவிலும் சம்பந்தி எங்களைத் திருவிழாவுக்கு அழைப்பார். பிளசன்டன் மைதானத்தில் ஸ்காட்லாந்து வம்சத்தார் கூடுவார்கள். தோல் பையை அக்குளில் இடுக்கிக் குழல் ஊதுவார்கள். மரத்தையே தூக்கி எறிவார்கள். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கூடாரம் உண்டு. சம்பந்தியின் கூடாரத்தில் அவர்களுடைய மூதாதையான பிரபுவின் கதையை ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். அண்ணன் அந்தப் பிரபுவுக்கு வைத்த பெயர் பெரிய சம்பந்தி. அண்ணன் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி அந்த வாழ்க்கை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பெரிய சம்பந்தி எழுநூறு ஆண்டுக்கு முந்தியவர் என்பார்கள். வடக்கே ஓர் ஏரிக்கரையில் கல் கோட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை போரில் இறந்ததால், பெரியவராகும்வரை சொத்தைச் சித்தப்பா ஆண்டார். வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டினார். மூன்று ஆண் பிள்ளைகள், ஒரு பெண். அப்போது தெற்கே இங்கிலாந்து ராஜா படையோடு வந்தார். பெரிய சம்பந்தி போய் மண்டியிட்டு, உங்கள் ஆள் நான் என்று சத்தியம் செய்தார். பிறகு மனம் மாறித் தன் நாட்டு ராஜா பக்கம் சேர்ந்தார். அந்தக் கோபத்தில் இங்கிலாந்து ராஜா அவருடைய இரண்டாவது மகனைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார். மகனுக்காக இவர் மறுபடியும் போய் மண்டியிட்டார். அந்தச் சத்தியத்துக்கு விலையாக மகளை எதிரி வீட்டு அதிகாரிக்கே கட்டிக் கொடுத்தார். மகன் அப்படியும் சிறையிலேயே செத்துப் போனான்.

திரும்பி வந்தால் மனைவி கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. மூத்த மகன் அம்மா பக்கம். கடைசி மகன்தான் பின்வாசல் வழியாக அப்பாவுக்கு ரொட்டி கொடுத்தான். அந்தக் கடைசி மகனின் வழிதான் நம் சம்பந்தி. கடைசியில் சொந்த நாட்டு ராஜா ஜெயித்தபோது, இங்கிலாந்து பக்கம் போனதற்காகப் பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டு அவர் முன்பும் மண்டியிட்டார். ராஜா தரவில்லை. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வயதான காலத்தில், கையில் மிஞ்சியிருந்த ஒரே மாவு ஆலையை மடத்துச் சாமியார்களுக்கு எழுதிக் கொடுத்து, எனக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று அங்கேயே கிடந்து இறந்தார்.

இதையெல்லாம் அந்தக் கூடாரத்தில் ஒளிக்காமல் சொல்வார்கள். மனைவி கதவைத் திறக்காத இடம் வந்தால் வயதான பெண்கள் எல்லாம் கை தட்டிச் சிரிப்பார்கள். "எங்க ஆளு மூணு தடவ மண்டி போட்டவர்" என்று சம்பந்தியே சொல்வார்.

முதல் வருடம் அந்தக் கூடாரத்தை நடத்தும் அம்மாள் அண்ணனைக் கேட்டார், உங்கள் முன்னோர் என்னவாக இருந்தார்கள் என்று. சாதாரணக் கேள்விதான். அண்ணன் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "லார்ட்" என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. சம்பந்தி எழுந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அப்படியா வசந்தா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"என்னுங்ணா, யாருங்ணா நம்மளுக்கு ஜமீன்தாரு?"

"சும்மா இரு கண்ணு. அவங்க அத்தன தலமொற சொல்றாங்க. நாம என்னத்தச் சொல்றது? கவலை ஓட்டுனாருன்னா?"

"ஓட்டுனாருதானுங்ணா."

"அந்தக் கண்ணாடிய ஏத்து. ஃப்ரீவே சத்தம் காது அடைக்குது."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சம்பந்தி வருடா வருடம் ஆசையாகக் கேட்டார். அண்ணனும் வருடா வருடம் கொஞ்சம் சேர்த்தார். குப்பன் என்ற பெயர் குப்புசாமி பூபதி ஆனது. பன்னிரண்டு கிராமம் வந்தது. ஒரு யானையும் வந்தது. நித்யாவே அதை நம்பி வளர்ந்தவள் போலப் பேச ஆரம்பித்தாள். கடைசியில் சம்பந்தி, இரண்டு வம்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கி ஒரு பித்தளைத் தகடு செய்து கூடாரத்தில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

அதற்குள் அண்ணனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கும்போது, "தகடு வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துருச்சாமுங்ணா. நல்லா இருக்குன்னு ஈவன் சொன்னாப்ல" என்றேன். அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

இப்போது முதலாம் ஆண்டு நினைவுக்கு இந்த மலர் போடுகிறோம். பூர்வீகம் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் என்ன எழுதுவது? சம்பந்தியும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் யானை வரை எல்லாம் இருந்தது. ஊரில் நூறு வீட்டுக்குப் போகிற புத்தகம். முருகேசன் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும் வசந்தா. அன்னிக்கு நான் சிரிச்சது தப்புதான். யாரு வந்து செக் பண்றாங்க? எம் பொண்ணுக்கும் மாப்பள பாக்கறேன், ஜமீன்னு போட்டா எனக்கும் நல்லதுதான்."

"நம்ம ஊர்க்காரங்க படிப்பாங்கல்லங்ணா?"

"படிச்சுட்டு சிரிப்பாங்க. நம்ம முன்னாடி சிரிக்கமாட்டாங்க."

அண்ணி சமையலறையிலிருந்து, "போனவரக் கொண்டு வந்து நிறுத்திக் கேவலப்படுத்தாதே. உனக்கு அவரு என்ன கொறை வெச்சாரு?" என்றார். நித்யாவிடம் உண்மையைச் சொன்னபோது அவள் என்னைத்தான் திட்டினாள். "அத்தை, யு நியூ? இத்தனை வருஷமா? நான் மாயாகிட்ட அதைத்தானே சொல்லியிருக்கேன்!"

அச்சடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அந்தப் பயத்தில்தான், தைரியத்தில் அல்ல, சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நித்யா காரை ஓட்டினாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். நித்யா இங்கிலீஷில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை நித்யா அழுதுகொண்டே தமிழில் சொன்னாள்.

"அவர் முன்னாடி எங்க ஆளோட அசிங்கம் அத்தனையும் சொன்னேன். மண்டி போட்டது, மகளைக் கொடுத்தது, பெண்டாட்டி கதவைச் சாத்தினது. எல்லாம் சொன்னேன். அவர் ஏன் என்கிட்ட சொல்லலை?"

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "உங்க பெரியவரு மண்டி போட்டாலும் பிரபுதானுங்க. எந்திரிச்சா மறுபடியும் பிரபு. எங்க முப்பாட்டன எந்திரிச்சு நிக்கவே விட்டதில்லைங்க. அத எப்படிச் சிரிச்சுட்டே சொல்றது?" என்றேன்.

நித்யா இதைச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. சம்பந்தி பெயரைக் கேட்டார். குப்பன் என்றேன். திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் அறிய அந்தப் பெயரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பயந்துகொண்டேதான் போனேன். கூடாரத்தில், போன வருடம் மாட்டிய தகட்டின் இடத்தில் புதுத் தகடு இருந்தது. ஒரு பக்கம் பெரிய சம்பந்தி. இன்னொரு பக்கம் குப்பன், பிறர் நிலத்தில் உழைத்தவர் என்று இருந்தது. அந்தக் கூடாரத்து அம்மாள் படித்துவிட்டு, "பழைய தகட்டில் பிரபு என்று இருந்ததே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி உடனே சொன்னார்: "அது என் தப்பு. நான்தான் சரியாகக் கேட்காமல் எழுதிவிட்டேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை." எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். வயதாகிவிட்டது, காது போய்விட்டது என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். சம்பந்தி சரியாகத்தான் கேட்டார். சொன்னது என் அண்ணன். தலையாட்டியது நான். அண்ணி இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "போடு. ஆனா நல்ல போட்டோவாப் பாத்துப் போடு" என்றார்.

அண்ணனின் கடைசி நாட்களில் மருத்துவமனைக்கு மாறி மாறி வந்த சான் ஹோசே நண்பர்களுக்கும், டெக்சாஸிலிருந்து ஓடி வந்த முருகேசன் அண்ணன் குடும்பத்தாருக்கும், ஓய்வில்லாமல் பார்த்த நர்சுகளுக்கும், காரியத்தை முறையாக நடத்திக் கொடுத்த ஐயருக்கும், மகனாக நின்று கொள்ளி வைத்த மருமகன் ஈவனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். சம்பந்தி அலன் அவர்களுக்கு நன்றி என்று மட்டும் எழுத எனக்குக் கூசுகிறது. தகட்டை மாற்றிச் செதுக்க அவர் கைக்காசு போட்டார். மூன்று முறை கொடுத்துப் பார்த்தும் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் குடும்பம் அவருக்கு இன்னும் தர வேண்டியது முந்நூற்று எண்பது டாலர்.