பிரேக் இல்லாத மலைரயில்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு காத்தமுத்து அண்ணனுக்கு. சரக்கு ரயிலில் கைச்சக்கரம் சுற்றிப் பிரேக் போடும் பிரேக்மேன். கோலாலம்பூரில் எங்கே கேளிக்கைப் பூங்கா திறந்தாலும் ஓடிவிடுவார். அங்கே மேடேறி இறக்கத்தில் பாயும் விளையாட்டு மலைரயில் என்றால் அவருக்கு உயிர். இந்த வயதில் இதென்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னையும் இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். உச்சியிலிருந்து வண்டி கீழே பாய்ந்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே கூச்சல் போட்டார்கள். அவர் மட்டும் அங்கே இல்லாத பிரேக் சக்கரத்தை இரண்டு கையாலும் வெறி பிடித்தவர்போல் சுற்றினார். பிறகு, "குதிடா மருதை! குதி!" என்று அலறினார்.

மருதை அவரோடு வேலை செய்த கூட்டாளி. ரவாங் பக்கம் ஓர் இறக்கத்தில் சரக்குப் பெட்டிகள் எஞ்சினிலிருந்து இணைப்பு அறுந்து ஓடியபோது, இவர் குதித்துப் பிழைத்தார். மருதை பிரேக்கை விடவில்லை. அவனைப் புதைத்துப் பல வருஷமாகிறது.

வண்டி நின்றது. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போலாம்ணே," என்றேன்.

"நீ போ தம்பி. நான் இன்னொரு தரம் ஏறிட்டு வரேன். இன்னிக்கும் அவன் குதிக்கல."