கரிக்கு வாசனை ஆகாது

வாசலிலேயே நிறுத்தி என் கழுத்தை முகர்ந்து பார்க்கிறாள் ஒலாயா. "என்னடி இது, எலுமிச்சை வாடை? போய்க் கழுவிட்டு வா." குளித்த சோப்புதான் என்று சொல்லிப் பார்க்கிறேன். "சோப்போ சொர்க்கமோ, கரிக்கு என்ன தெரியும்? எது வந்தாலும் உறிஞ்சிடும்." கழுவாமல் உள்ளே விடமாட்டாள். ஒவியேதோ நகரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது தினசரி நடப்பது. பூண்டு போட்ட இறாலை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த இயக்குநர் எலாதியோவையே ஒருநாள் மழையில் நிற்க வைத்தாள். அவரும் நின்றார்.

அவளுடைய வேலை கரி செய்வது. ஆப்பிள் மது பிழியும் ஆலைகளிலிருந்து சக்கை வண்டியில் வந்து இறங்கும். அதை உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் கருக்கி, காரம் சேர்த்து மறுபடி சுட்டு, அமிலம் போட்டு, தண்ணீர் விட்டு அலசி, அடுப்பில் உலர்த்தி எடுத்தால் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள் நிறைந்த கரித்தூள் கிடைக்கும். மின்சாரம் போய்த் தங்குவது அந்த ஓட்டைகளில்தான். தூளைக் குழைத்து அலுமினியத் தாளில் பூசி, பைக்குள் அடைத்து ஒட்டினால் மின்தேக்கி. நொடியில் சார்ஜ் ஏறும், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஓட்டைக்குள் வேறு எதுவாவது குடியேறிவிட்டால் போச்சு. முதலில் ஒன்றும் தெரியாது, சோதனையில்கூடத் தேறிவிடும். சில மாதம் கழித்துப் பை உப்பத் தொடங்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

அதனால் ஒலாயா தலைக்குச் சாயம் பூசுவதில்லை. முட்டை அடை வைத்த ரொட்டியை வெளியே கூரைக்கடியில் நின்றுகொண்டுதான் தின்கிறாள். நகக்கண் எப்போதும் கறுப்பு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், கார் மெக்கானிக்கா என்று கேட்டால், "ஆமா, உங்க கார்ல என்ன கோளாறு?" என்று முகத்தை மாற்றாமல் விசாரிப்பாள். புருஷனைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "ஓயாம சுருட்டுப் பிடிப்பான். ரெண்டையும் சேர்த்தே அனுப்பிட்டேன்" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனை வருடமாக அவள் தற்காலிக ஊழியர்தான். சுரங்க மீட்புக் குழுவின் தலைவிளக்குகளுக்கு எங்கள் மின்தேக்கிகளைக் கேட்டிருந்தார்கள். கொடுத்து முடித்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளைத் தவிர நாங்கள் எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் மீட்புக் குழுவிலிருந்து அர்செனியோ மின்தேக்கிப் பெட்டியை வாங்க வந்தார். யானை மாதிரி ஆள், பேச்சு மட்டும் பூனை மாதிரி இருக்கும். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. எலாதியோ இந்த ஊர் வழக்கப்படி ஆப்பிள் மதுப்புட்டியைத் தலைக்குமேல் தூக்கி, இடுப்பளவில் பிடித்த கோப்பையில் ஊற்ற ஆரம்பித்திருந்தார்.

"அர்செனியோ, பெட்டியில கைய வைக்காத" என்றாள் ஒலாயா.

"ஏன், இன்னும் முகர்ந்து பாக்கலையா?" என்று அவர் சிரித்தார்.

"நவம்பர்ல செஸ்நட் கொட்டை சுட்டுத் தந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? பாதி கருகல்."

அந்த நாள் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வருடா வருடம் முற்றத்தில் நெருப்பு மூட்டித்தான் செஸ்நட் சுடுவோம். அன்று அர்செனியோவும் வந்திருந்தார், பேய்மழை. ஒலாயா உள்ளே போய் எங்கிருந்தோ சுடச்சுட ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, தின்றோம்.

"கரி உலர்த்துற அடுப்புலதான் சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சோப்பு வாசனையைப் பொறுக்காதவளா? "நீயா?" என்று கத்தியே விட்டேன்.

"நான்தான். எல்லாரும் பசியோட நின்னீங்க. கரித்தட்டையெல்லாம் காலையிலயே எடுத்தாச்சுன்னு நெனச்சேன், ஒண்ணு உள்ளயே இருந்திருக்கு. நேத்து இந்தக் கரி இருந்த தட்டைக் கழுவப் போனா, அடியில செஸ்நட் ஓடு வெடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு. அந்தப் புகை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு."

எலாதியோ புட்டியைக் கீழே வைத்தார். "அப்புறமும் சூடுபடுத்தித்தானே அடைச்சோம்?"

"அதுல தண்ணி போகும். புகையோட பிசுக்கு போகுமா?"

"சோதனையில தேறியாச்சு, ஒலாயா. எப்ப உப்பும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் பயமா இருக்கு."

எலாதியோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பெட்டி போகலைன்னா உன் வேலை போயிடும். மறுபடி செஞ்சு தர்ற வரைக்கும் உன்னை வெச்சுக்க என் கையில ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

நானும் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் எனக்கும் ஆத்திரமாக வந்தது. விளக்கை மாட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்கப்போவது அர்செனியோவின் தலைதான். அவர் ஒலாயாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பேசலாம்" என்று எலாதியோ பெட்டிமேல் கையை வைத்தார்.

ஒலாயா அந்தக் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தாள். மேசையிலிருந்த தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஒரு மின்தேக்கியை உருவி, மின்சாரம் ஏறி இறங்கும் இரண்டு உலோகக் காதுகளையும் ஒட்ட நறுக்கினாள். இனி அது எந்த விளக்கிலும் பொருந்தாது. அதை அர்செனியோவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.