ஸ்ரீஹரிகோட்டாவில் அரைத்த துவையல்

“இங்கே வந்தால் காடு, ஏரி, கடல் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். மரதலின் விரதத்துக்கு ஒரு குறையும் வராது. தனி அடுப்பு, தனிச் சட்டி. அதற்கு நான் பொறுப்பு.”

இப்படி எழுதிய தபால் கார்டு என்னிடம் இருக்கிறது. பார்த்திப வருஷம் ஆனி, அதாவது 1945 ஜூன். தேதியின் மேல் தபால் முத்திரை விழுந்துவிட்டதால் நாள் தெரியவில்லை. எழுதியவர் என் மனைவியின் அக்காள் புருஷன். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் விறகு காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தார். எங்கள் திருத்தணிப் பக்கத்தில் அக்காள் புருஷன் என்றால் பாவா; அவருக்கு மனைவியின் தங்கை மரதல். மரதலைக் கேலி செய்வது பாவாவின் உரிமை. எங்கள் கல்யாணத்திலேயே இவள் பாயசத்தில் உப்பைக் கொட்டிச் சபையைச் சிரிக்கவைத்தவர் இவர்.

விரதம் அவள் தம்பிக்காக. அவன் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போனவன். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்தபின் அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு ஒரு மண்டல விரதம் தொடங்கியிருந்தாள். பகலில் ஒருவேளைச் சோறு. மீன், கறி, முட்டை எதுவும் கிட்டே வரக்கூடாது. இந்த நேரத்தில் கடற்கரை ஊருக்கா என்று நான் தயங்கினேன். “அக்காவப் பார்த்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. அதான் பாவா எழுதியிருக்காரே” என்றாள்.

சென்னை போய் நெல்லூர் வண்டி மாறி, சூளூர்ப்பேட்டையில் இறங்கி, மாட்டு வண்டியில் ஏரிக்கரைக்குப் போனோம். கோடையில் வற்றிய ஏரி. படகுக்காரர் துடுப்பு போடவில்லை. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். அக்கரையில் காடு. பாலை மரங்களில் பழம் மஞ்சளாகத் தொங்கியது. தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பிரம்புப் புதர்களை விலக்கிக்கொண்டு நடக்கையில் கடல் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்தது. அவள் முழங்கால்வரை அலையில் நின்று, தம்பி போன கப்பலும் இந்தத் தண்ணீர்மேல்தானே போயிருக்கும் என்று கேட்டாள். அந்த இடத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் கிடையாது.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு அக்காள் அவர்கள் குடியிருந்த கொட்டகையில் தனி அடுப்பில் சோறும் முருங்கைக்கீரையும் சமைத்தாள். பாவா, “துவையல் மட்டும் என் கையால. கிட்ட வராதீங்க” என்று சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் அம்மியில் உட்கார்ந்து தேங்காய்த் துவையல் அரைத்தார். எனக்கும் அவளுக்கும் போட்டார். நன்றாகவே இருந்தது. குடியிருப்பு முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. எந்த வாடை எதிலிருந்து வருகிறது என்று திருத்தணி மூக்குக்கு எங்கே தெரியப்போகிறது?

சாயங்காலம் விறகு வெட்டுகிறவர்கள் மணலில் கூடினார்கள். ஒருவர் பறை தட்டினார், பெண்கள் வட்டமாக ஆடினார்கள், ஒரு பெரியவர் வந்தவர்களைப் பற்றி அங்கேயே வரி கட்டித் தெலுங்கில் பாடினார். என் தொப்பைக்கு ஒரு வரி, என் குடைக்கு ஒரு வரி. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பாவா எழுந்துபோய் அவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்த வரி வந்தது:

“நா மரதலி மொக்கு ரொய்யபொட்டுதோ தீரிந்தி!”

என் மரதலின் வேண்டுதல் ரொய்யபொட்டால் நிறைவேறியது. ரொய்யபொட்டு என்பது நாம் சென்னாக்கூனி என்கிற, நொய்யரிசி போன்ற காய்ந்த இறால் பொடிசு. கூட்டம் ஓவென்று சிரித்தது. என் மனைவியும் கைதட்டிச் சிரித்தாள். பிறகுதான் அந்தச் சொல் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது. கைகள் தட்டப் போன நிலையிலேயே நின்றுவிட்டன.

“பாவா, துவையல்லயா?”

“ஆங். ஒரு சிட்டிகை. ருசியா இருந்துச்சா இல்லியா, சொல்லு!”

அவள் எழுந்து காட்டோரம் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். அதன் பிறகுதான் அவர் முகம் மாறியது. “இன்னாம்மே இது, சும்மா சொன்னேன். அதுல ஒண்ணும் கலக்கல. உன் மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கத்தான் பாடச் சொன்னேன்.”

நான் சத்தம் போட்டேன். “தம்பி பொழைக்கணும்னு பட்டினி கிடக்கிறா. இதுலயா உங்க விளையாட்டு?”

“முறைக்காரன் கேலிக்குக் கோவிச்சிக்கலாமா தம்பி? நீங்க படிச்சவரு.”

“கலந்தீங்களா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க.”

“அதான் இல்லேன்னேனே” என்று சொல்லிவிட்டு, அக்காள் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்புக்காக அவரை அடித்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. கொட்டகைக்குப் பின்னால் போய் அம்மியை முகர்ந்தேன். கழுவியிருந்தது.

காலைப் படகில் கிளம்பிவிட்டோம். திருத்தணியில் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். தெரியாமல் சாப்பிட்டதில் தோஷமில்லையாம், குளித்துவிட்டுக் காவடி எடுக்கலாமாம். அவள் கேட்டாள்: “தெரியாம இருந்தவரைக்கும் சரி. இனிமே அதுல கூனி இல்லேன்னு நெனச்சுகினு எடுத்தா, முருகன நான் ஏமாத்தறேனா? எதத் தோள்ல வெச்சுகினு படியேற?” ஆடிக் கிருத்திகையன்று மற்றவர்களின் காவடிகள் எங்கள் தெரு வழியாக மலைக்குப் போயின. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரங்களில் தம்பி செத்திருந்தால் அது தன் நாக்கால்தான் என்று எத்தனை முறை சொன்னாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

தம்பி மறு வருஷம் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். விருந்துக்கு வந்த பாவா பந்தியிலேயே சொன்னார்: “பாத்தியா? கூனி போட்டாலும் முருகன் கோவிச்சிக்கல!” எல்லோரும் சிரித்தார்கள். அவள் தம்பியும் சிரித்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப போட்டீங்க” என்றாள். “அடடே, அதுவும் தமாசும்மே” என்றார் அவர்.

அந்த ஆடியில் புதிதாக விரதமிருந்து, தானே சமைத்ததை மட்டும் சாப்பிட்டு, அவள் காவடி எடுத்தாள். பாவா வீட்டில் அதன் பிறகு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவரும் இப்போது இல்லை. பாடிய பெரியவருக்குத் தெரிந்தது பாவா காதில் சொன்னது மட்டும். துவையல் அரைத்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. அதில் கூனி கலந்திருந்ததா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.