ஹாக்கிக்கு இடம் பார்த்த சீவ்

எங்கள் ஊரில் இரண்டே சாதிதான். பந்துக்காரர், வட்டுக்காரர். பேண்டி ஆடுகிறவர்கள் பந்துக்காரர். கால்பந்துத் திடல் அகலத்துக்கு விரிந்த ஐஸில் ஒரு சின்னப் பந்தைத் துரத்துவார்கள். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் வட்டுக்காரர். நாலு பக்கமும் பலகை அடைத்த களத்துக்குள் கறுப்பு ரப்பர் வட்டை அடிப்பார்கள். என் அம்மாவின் அண்ணன் யால்மர் மாமா பந்துக்காரர்களில் பெரிய தலை. அவர் மகள் சீவ், வட்டுக்காரர்களுக்குக் காப்பி ஊற்றினவள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சீவுக்கு ஓஸ்டன் என்று ஒரு தம்பி. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் பேண்டிக் குச்சியை மூலையில் சாத்திவிட்டு ஹாக்கிக் குச்சியைத் தூக்கினான். அன்றோடு மாமா அவனோடு பேச்சை நிறுத்தினார். அடித்தாரா, திட்டினாரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மூடின வாய் திறக்க ஒரு ஆயுசு போதாது. ஓஸ்டன் கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான், தலையும் நரைத்துப் போனான். அத்தை போனபோது அப்பனும் மகனும் சவப்பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். அப்போதும் ஒரு சொல் இல்லை.

சீவ் தப்பித்ததற்குக் காரணம் அவள் ஆடவில்லை என்பதுதான். வட்டுக்காரன் ரூனேயைக் கட்டிக்கொண்டாள், ஆட்டத்தன்று அவர்கள் கடையில் நின்று சாசேஜ் சுட்டாள். "காப்பி ஊத்துறது ஆட்டத்துல சேராது" என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரூனே நெஞ்சுவலியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. வியாழக்கிழமை தோறும் பட்டாணிக் கஞ்சியும் பால் தோசையும் செய்து எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவாள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த அடுக்களை மேசைதான்.

அந்த வருஷம் எங்கள் ஹாக்கி அணி சம்பளக்காரர் ஆடுகிற போட்டிகளில் இரண்டாம் வரிசைப் பிரிவில் இருந்தது. ஜனவரியில் ஒரு ஆட்டத்தைக் கூரையில்லாத வெளியில் நடத்திக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. ஊருக்கே தலைகால் புரியவில்லை. ஆட்ட நாளுக்குப் பொறுப்பாளர் என்று சீவின் பெயரைப் போலீஸ் அனுமதியில் எழுதினார்கள். ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கூப்பிடுகிற பெயர் அது.

இடம் எது என்று முடிவு செய்ய இலையுதிர் காலத்திலேயே கூட்டம் போட்டார்கள். ஹாக்கி சங்கத் தலைவர் ஸ்டெல்லான் எழுந்து, "சர்ச்சுத் துறையில, ஏரி ஐஸ் மேலயே ஆடிருவோம். பின்னால சர்ச்சுக் கோபுரம். டிவிக்காரனுக்கு வேற என்ன வேணும்?" என்றான். பிறகு வழக்கப்படி, "கூட்டம் ஒத்துக்குதா?" என்று கேட்டான். எங்கள் சங்கங்களில் இதற்கு நாலு பேர் ஆமாம் என்கிற அர்த்தத்தில் "யா" என்பார்கள், மற்றவர்கள் மேசையைப் பார்ப்பார்கள், சுத்தியல் விழும். அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவது பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே போகிற மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். சீவும் மேசையைத்தான் பார்த்தாள். சுத்தியல் விழுந்தது.

காப்பிக்கு எழுந்த பிறகுதான் வாய்கள் திறந்தன.

"சர்ச்சுத் துறையாம்ல. ஆலை ஓடை வந்து விழுற இடம்யா அது" என்றார் ஒருவர், ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே.

"அத அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"நான் சீவ் சொல்லுவான்னு இருந்தேன்."

சீவின் கையிலிருந்த காப்பிக் கூஜா கனத்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஏரி உறையத் தொடங்கியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடை விழுகிற பக்கம் அடியில் நீரோட்டம் உண்டு. மேலே வெள்ளையாக உறுதியாகத் தெரியும், அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரரின் பெரியப்பா ஆல்பின், விறகு ஏற்றின சறுக்கு வண்டியோடு அந்தத் துறையில்தான் ஐஸ் உடைந்து குதிரையைப் பறிகொடுத்தார். அவர் கரையேறினார்; குதிரை ஏறவில்லை. சீவ் விடிந்ததும் கரைக்குப் போய் நிற்பாள். ஐஸ் முனகும். ஏரி இறுகும்போது முனகுவது இயல்புதான், எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் அது ஒவ்வொரு தடவையும் ஆள் கூப்பிடுகிற மாதிரி கேட்டது.

பொறுக்க முடியாமல் ஸ்டெல்லானின் டயர் கடைக்கே போய்விட்டாள்.

"ஏரி வேண்டாம் ஸ்டெல்லான்."

"என்ன சீவ் அக்கா, துளை போட்டுப் பாத்தாச்சு. லாரியே போகும்."

"லாரி போயிரும்ப்பா. சனம் போகாது, நிக்கும். ஒரு கோல் விழுந்தா மொத்தமா குதிக்கும்."

"கூட்டத்துல நீங்களும்தான் இருந்தீங்க. வாயே தொறக்கலையே?"

"தொறக்கல. தப்புதான். இப்பத் தொறக்குறேன். அந்தத் துறையில நடந்தா என் பேர எடுத்துருங்க."

ஸ்டெல்லான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "சரி, வேற எங்க? கால்பந்துத் திடலுக்கு அடியில குளிர்க்குழாய் கிடையாது. ஒரு மழை வந்தா குளம்தான். குழாய் இருக்கிறது ஊர்லயே ஒரு இடம்."

இரண்டு பேருக்கும் தெரியும் அது எந்த இடம் என்று. பேண்டி மைதானம்.

"உங்கப்பாகிட்ட நான் போக மாட்டேன்க்கா. எனக்கு உசிரு மேல ஆசை இருக்கு. நீங்களே கேளுங்க."

அடுத்த வியாழக்கிழமை கஞ்சி பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"அப்பா, ஜனவரி ஆட்டத்துக்கு உங்க மைதானத்தக் கேக்கலாம்னு இருக்கோம்."

"எந்த ஆட்டம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"ஓ, பட்டிக்குள்ள ஆடுறதா! ஆட்டுக்குக் கட்டுற மாதிரி பலகையக் கட்டி, ஒருத்தன ஒருத்தன் முட்டிக்கிறது. முட்டுறதுக்கு மைதானம் எதுக்கு? ஏதாவது தொழுவம் பாரு." மாமா கஞ்சியில் கடுகு அரைத்ததைக் கலந்தார். "ஏரி கெடக்கே. அது எல்லாருக்கும் பொது."

"ஏரி எனக்குப் பயமா இருக்குப்பா."

"பொறந்ததுலேர்ந்து உனக்கு எதைக் கண்டாலும் பயம்தான்."

"ஆமா. உங்களக் கண்டாலும்தான் பயம். இருந்தும் கேக்குறேன்ல."

மாமா கரண்டியை வைத்தார். "கேட்டாச்சு. இல்லைன்னு சொல்லியாச்சு. இத எங்க சங்கத்துல கொண்டுபோய் வச்சேன்னா அப்புறம் இந்த வாசல்ல நிக்காத. ஒருத்தன் போனான். நீயும் போனேன்னு வச்சுக்கிறேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஓஸ்டன் உயிரோடு நடமாடுகிற சாட்சி. சீவ் நேராக என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அந்த வயசுல அவரத் தனியா விடவா மதினி? வழுக்கி விழுந்தா எடுக்க ஆள் கெடையாது. இல்ல, ஊர்ச் சனத்தக் கொண்டுபோய் ஓடை வாயில நிறுத்தவா?"

அடுப்பில் விறகு வைத்தேன், காப்பி போட்டேன், கடைசியில், "கோட்டக் கழட்டு" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது.

பந்துக்காரர்களின் கூட்டம் மைதானத்தை ஒட்டின மரக்கொட்டகையில் நடந்தது. சீவ் அதில் பிறப்புரிமைக்காரி. எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நானத்துக்கு முன்பே பேண்டி சங்கத்தில் பெயர் சேர்த்துவிடுவார்கள். ஹாக்கிக்காரர் வேண்டுகோளைப் பேண்டி சங்கத்துத் தலைவர் படித்தார். மாமா எழுந்து, "நான் இருக்கிற வரைக்கும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப, மறுத்துடலாம்னு கூட்டம் ஒத்துக்குதா?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். "யா" என்று இரண்டு குரல். சுத்தியல் உயர்ந்தது.

"கை தூக்கச் சொல்லுங்க" என்றாள் சீவ்.

நான் அவளுக்குப் பின்வரிசையில் இருந்தேன். அவள் கழுத்து சிவந்து வந்ததைப் பார்த்தேன். தலைவர் சுத்தியலை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். விதி விதிதான், ஒரு உறுப்பினர் கேட்டால் எண்ணியாக வேண்டும்.

கொடுக்கலாம் என்றபோது முதலில் ஒரு கை எழுந்தது, பேரன் ஹாக்கி ஆடுகிற ஒருவருடையது. பிறகு இன்னொன்று. பிறகு, வாய் திறக்காமலே சொல்லிவிடலாம் என்று தெரிந்ததும், கொட்டகை முழுக்கக் கைகள். வேண்டாம் என்றபோது மாமா கை மட்டும் நிமிர்ந்து நின்றது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, சீவின் நாற்காலியை ஒட்டியே நடந்து வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் சீவ் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை சுட்டுக்கொண்டு போனாள். உள்ளே ரேடியோ பாடுவது கேட்டது, கதவு அசையவில்லை. அதன்பிறகு தினமும் தெருமுனையில் நின்று புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வருவாள். புகை வந்தால் உயிரோடிருக்கிறார். ஒருநாள் காலையில் புகை இல்லை. அவள் ஓடி, ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தால், மாமா மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். கோட்டைப் போட்டபடியே. அன்றைக்கு விறகு வைக்கச் சோம்பல் போலும். அவளைப் பார்த்தார், திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

ஏரியோ கல்லாக இறுகிக் கிடந்தது. சறுக்குப் பாதை போட ஒருவர் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு சர்ச்சுத் துறையைக் குறுக்கே கடந்தார். கடையில் வரிசையில் நிற்கும்போது, "சீவ், உன் ஏரியில டிராக்டர் போகுதே, பாத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் என்னைப் போனில் கூப்பிட்டாள். "மதினி, ஒண்ணுமில்லாத பயத்துக்கு அப்பாவ வித்துட்டேனோ?"

ஆட்ட நாள் வெயிலும் குளிருமாக விடிந்தது. பேண்டி மைதானத்தின் நடுவே பலகைகள் எழுந்து நின்றன, சுற்றிலும் சனம். ஆடுகிற வயசு தாண்டின ஓஸ்டன், அணியின் குச்சிகளைக் கட்டிச் சுமந்துகொண்டு போனான். சீவ் ஒரு இடத்தில் நில்லாமல் வாசல், ஆம்புலன்ஸ், படிக்கட்டு என்று சுற்றினாள். மூக்கு நுனி வெளுத்திருந்தது.

அப்போது மேல் வாசலில் ஒரு சலசலப்பு. மாமா வந்துகொண்டிருந்தார், காலால் உந்தித் தள்ளுகிற சறுக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சனம் தானாக விலகியது. ஓஸ்டனைக் கடந்து போனார், அவன் அங்கு இல்லாதது போலவே. பலகையோரம் நின்று களத்தை ஒரு தடவை பார்த்தார், தெற்கே மரங்களின் தலைக்கு மேல் தொங்கின சூரியனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சீவ் நின்ற இடத்துக்கு வந்தார்.

"எந்த மடையன் பட்டிய இப்படித் திருப்பி வச்சான்?"

"நான்தாம்ப்பா."

"வெயில் நேரா கோல்காரன் கண்ணுல அடிக்குது. குறுக்க வச்சிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கதவத் தொறந்தாத்தானே கேக்குறது?"

"கதவுக்குத்தான் பூட்டு. என் காதுக்கா? வெளில நின்னு கத்தியிருக்க வேண்டியதுதானே."

சீவ் அவர் பக்கத்தில் போய் நின்றாள். மாமா ஆட்டத்தின் மூன்று பகுதியையும் நின்றபடியே பார்த்தார். அவன் குச்சி பிடிக்கிற லட்சணம், இவன் ஓடுகிற லட்சணம், நடுவருக்குக் கண் இருக்கிறதா என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ஆமாப்பா" என்றாள், சிலதுக்கு "இல்லப்பா" என்றாள். அன்றைக்கு எந்த அணி ஜெயித்தது என்று சீவைக் கேட்டுப் பாருங்கள். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.