சாம்பார் அண்டா வரைக்கும் கேட்க வேண்டும்

ஒலிபெருக்கி வாடகைத் தொழிலில் வரும் புகார்கள் இரண்டே இரண்டுதான்: முன்னால் காது கிழிகிறது, பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வரும். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளரின் வாயசைவை மட்டும் பார்த்துக் கை தட்டியவர்களுக்கு என் பிழைப்பு புரியும்.

கேட்காத கொட்டகை

செடெனாக் என்ற ஊரில் ஒரு கோயில் திருவிழா. என் ஒலிபெருக்கிப் பெட்டி சன்னிதிக்குப் பக்கத்தில் நின்றது. அன்னதானம் சமைக்கும் கொட்டகை எண்பது தப்படி தள்ளி. அங்கே வருடா வருடம் சமைப்பவர் லெட்சுமி அக்கா. பூசை எதுவரை வந்தது என்பதை மணியோசையை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். அன்று கரண்டியும் கையுமாக வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எம்மக மொத தடவையா தேவாரம் பாடப் போறா தம்பி. அண்டாவ விட்டுட்டு என்னால அங்க வர முடியாது. அவ குரலு இங்க வரணும், அவ்ளோதான்."

பந்து

சரியென்று தலையாட்டிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் பெக்கோக்கில் ஓர் ஆசிரியையின் பணி ஓய்வு விழா. நீளமான மண்டபம், என்னிடம் அதே ஒற்றைப் பெட்டி. ஒற்றைப் பெட்டியிலிருந்து கிளம்பும் ஒலி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் வீங்கும். தூரம் இரண்டு மடங்கானால் வலு கால்வாசிதான் மிஞ்சும். கல்லூரியில் இதைச் சமன்பாடாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் பின்வரிசைக்காரர்கள் கேட்கவில்லை என்று கை காட்டியதும் சத்தத்தைக் கூட்டினேன். முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்து வந்தார்.

"பின்னாடி உள்ளவங்களுக்குக் கேக்கணும்னா அவங்கள இங்க உக்கார வைங்க லா. நாங்க வீட்டுக்குப் போறோம்."

படுத்த தூண்

அது உறைத்தது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நெட்டைத் தூண்கள் இரண்டு வாங்கினேன். இவை நிமிர்ந்து நின்றால் ஒலி வானத்துக்கும் தரைக்கும் சிதறாமல், உருளையாகப் பக்கவாட்டில் மட்டும் விரியும். தூரம் இரண்டு மடங்கானாலும் பாதி வலு மிஞ்சும்.

முதல் கல்யாணம் லாயாங் லாயாங்கில். புகைப்படத்தில் கறுப்புத் தூண் தெரியக் கூடாது என்றார் பெண்ணின் அம்மா. பூ அலங்காரத்துக்குப் பின்னால் படுக்க வைக்கச் சொன்னார், வைத்தேன். படித்த புத்தி எங்கே போனதோ. தூணோடு உருளையும் படுத்துக்கொண்டது. ஒலி நடுப்பாதையில் மட்டும் ஓடிக் கூரைக்கு ஏறியது. இரண்டு ஓரமும் அமைதி. மாப்பிள்ளையின் மாமா வந்தார்.

"எங்க பக்கம் ஊமப்படம் ஓடுது தம்பி. மேல சுத்துற காத்தாடிக்கு மட்டும் நல்லா கேக்குது."

அண்டா

செடெனாக் திருவிழா மறுபடி வந்தது. தூண்கள் அலங்காரத்தை மறைக்கின்றன என்றார் கோயில் தலைவர். மறைக்கட்டும் என்றேன். இரண்டையும் நிமிர்த்தி, கொட்டகையைப் பார்த்துத் திருப்பினேன்.

அக்காவின் மகள் கவிதா மைக் முன் வந்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை, உதவிக்கு வந்திருந்த மச்சானிடம் விட்டுவிட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தேன். நடக்க நடக்கக் குரல் தேய்ந்துவிடும் என்று பயந்தேன். அது கூடவே வந்தது. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு நின்றிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாட்டு முடிந்தது. பிள்ளை பிசிறில்லாமல் பாடினாள் என்று தலைவர் மைக்கில் பாராட்டினார். அதுவும் கொட்டகைக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூணாவது வரியில தடுமாறிட்டா தம்பி. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

எண்பது தப்படிக்குக் குரலைக் கொண்டுபோகக் கற்றுக்கொண்ட எனக்கு, பிழையை மட்டும் பாதி வழியில் இறக்கிவிட இன்னும் தெரியவில்லை.