டத்தின் என்று நாங்கள் அழைத்த பெண்

அவளை நினைக்கும்போது முதலில் கண்ணுக்கு வருவது அவள் முகம் அல்ல, சுண்டுவிரலில் தொங்கிய ஐஸ் தேத்தண்ணிப் பொட்டலம். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, சிவப்பு நூலால் சுருக்குப் போட்டு, உறிஞ்சுகுழாயைச் செருகிக் கொடுப்பார்களே, அதுதான். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் பயிற்சி மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. எட்டு மணிக்கு வரவேண்டியவள் முதல் நாளே எட்டே காலுக்கு வந்தாள். வெள்ளை நிறப் பெரிய காரை டாக்டர்கள் நிறுத்தும் இடத்தில் விட்டுவிட்டு, "சாரி அக்கா, ரோட்டுல ஒரே ஜேம்லா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். எங்கள் உதவியாளர் அண்ணன் என் காதருகே குனிந்து, "டத்தின் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதரின் மனைவியைத்தான் இங்கே டத்தின் என்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

தனியார் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பிரிவில் இருந்த கருத்து முடிந்துபோன கருத்து. மார்க் பத்தாதவர்கள், அப்பா தயவில் இடம் பிடித்தவர்கள், வேலை சொன்னால் முகம் சுளிப்பவர்கள், மாலையானால் மாமாக் கடைகள் என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டமாக உட்கார்ந்து பொழுதைக் கழிப்பவர்கள், ஏசினால் வீட்டுக்குப் போன் போடுபவர்கள். ஒருமுறை ஒரு மாணவனின் அப்பா உண்மையிலேயே கூப்பிட்டு எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்த ஒரு போன் போதாதா? அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரமே ஆளுக்கு ஒரு நோயாளி. தனியாரிலிருந்து வருபவர்களுக்குச் சக்கர நாற்காலி தள்ளுவது, சூடு ஒற்றும் பைகளைத் துண்டில் சுற்றுவது, கோப்புகளை அடுக்குவது. யாரும் எழுதிவைக்காத அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவள் நான்தான்.

நான் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவரின் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள் என்று தோட்டமே பேசியது. அந்தப் பேச்சு எனக்கு எத்தனை வருடம் தீனி போட்டது என்று இப்போதுதான் புரிகிறது. டத்தினோ யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா வக்கீல், தாத்தா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். எங்கள் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்துகொண்டு என் அம்மாவை வாசலில் காக்க வைத்த கணக்கெழுதும் கிராணியும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். ஆகவே அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்கு முன்பே அவள்மேல் எனக்கு ஒரு பழைய எரிச்சல் தயாராக இருந்தது.

பயிற்சியில் தேற வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை ஆரம்பத்திலிருந்து கவனித்து, கடைசியில் தேர்வாளர் முன் அதைப் பற்றிப் பேச வேண்டும். டத்தின் இரண்டு தடவை வந்து கேட்டாள். "அக்கா, எனக்கும் ஒரு பேஷண்ட் குடுங்களேன். கேஸ் இல்லாம நான் எப்படிப் பாஸ் பண்றது?" இரண்டு தடவையும் நான் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்குப் பாப்போம்லா" என்றேன். அப்படியே நான்கு வாரம் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்களிடம் வந்துகொண்டிருந்தவர் நானா. வயதில் மூத்த தமிழ் முஸ்லிம் ஆண்களை இங்கே பலரும் அப்படித்தான் அழைப்போம். முப்பது வருடமாகச் சொந்தச் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆற்றியவர். ஒரு குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழ் இறக்கி, இரண்டு முழ நீளத்துக்கு நுரையோடு ஊற்றுகிற கை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. நாங்கள் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னோம். "நான் என்ன சின்னப் புள்ளையா மிஸ்ஸி?" என்று கட்டையைத் தள்ளிவிட்டார். நர்சோ தெரபிஸ்டோ, அவருக்கு எல்லாரும் மிஸ்ஸிதான். மூன்று வாரம் பார்த்துவிட்டு அவருடைய கோப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய நாற்காலியை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு வருவதும், திரும்ப வேன் வரும்வரை கூட இருப்பதும் டத்தினின் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி அலமாரிக்குப் பின்னால் இருக்கும் நடையில் ஏதோ சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தேன். நானா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையிலும் இரண்டு எவர்சில்வர் குவளை. இடது கையை டத்தின் கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறாள். குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர். பாதி குவளையில், பாதி தரையில். டைல்ஸ் முழுக்க ஈரம். ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடக்கும் ஓர் அம்மா சரியாக அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்.

என் குரல் காத்திருப்போர் பகுதிவரை கேட்டிருக்கும். "இது என்ன உங்க அப்பா வாங்கிக் குடுத்த எடமா? நீ பாட்டுக்கு வெளயாடறதுக்கு?" என்றேன். நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க நானா" என்று அவரையும் அடக்கினேன். டத்தின் வாதாடவில்லை. "சாரி அக்கா, தொடச்சிடறேன்" என்று மட்டும் சொன்னாள். துடைத்து முடித்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். அன்று மத்தியானத்துக்குள் பல்கலைக்கழகத்துக்கு என் அறிக்கை போய்விட்டது. அனுமதியில்லாமல் நோயாளியைத் தொட்டவர், பாதுகாப்பைப் பற்றி அக்கறை இல்லாதவர், நேரத்துக்கு வராதவர். பயிற்சி முழுவதையும் அவள் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. அவளோடு படித்தவர்கள் பட்டம் வாங்கிய வரிசையில் அவள் இல்லை.

அந்த அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவளைப் பற்றி எங்கள் பிரிவில் பேசியதிலும் பெரும்பாலும் பொய் இல்லை. வசதியான வீட்டுப் பெண்தான், தாமதமாகத்தான் வந்தாள், மாமாக் கடையே கதி என்று கிடந்தவள்தான். எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் இவள் என்று மூடிவைத்தோம். மேற்கொண்டு பார்க்க எங்களுக்குச் சோம்பல், அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டோம்.

சில மாதம் கழித்து நானாவின் கோப்பு என் மேசைக்கு வந்தது. தொடர்ந்து வராதவர்களின் கோப்பை மூடிவிடுவது முறை. கையெழுத்துப் போடப் பிரித்தபோது பின்பக்கம் நான்கு தாள் செருகியிருந்தது. அழகான சின்னக் கையெழுத்து. ஒவ்வொரு செவ்வாய்க்கும் ஒரு தாள். 'முதல் வாரம்: இடது கை மடியைவிட்டு எழவில்லை. குவளையைப் பிடிக்க நான் உதவினேன். முழுக்கச் சிந்தியது.' 'இரண்டாம் வாரம்: தொப்புள்வரை தூக்கினார். பாதிக்கு மேல் சிந்தியது.' மூன்றாவதில் நெஞ்சுவரை. நான்காவது நான் ஏசிய நாள். 'தோள்வரை. முதல் தடவையாகத் தானே பிடித்தார். பாதிதான் சிந்தியது.' அதன் கீழே இன்னொரு வரி: 'இவர் கடையில் நான் பள்ளிக்கூட நாளிலிருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். இவருக்குக் கட்டை வேண்டாம், குவளை போதும்.' வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகும் அவள் உட்கார்ந்து இதை எழுதிக் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். படித்து முடித்ததும் எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதற்குள் அவள் சிலிம் ரிவர் ஊர் மருத்துவமனையில் பயிற்சியைத் திரும்பத் தொடங்கிப் பாதி முடித்திருந்தாள். என் கடிதத்தால் யாருக்கும் உபயோகம் இல்லை. பிறகு அவளுக்கே போன் செய்தேன். நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். "தண்ணி கொட்டுனது தப்புதான் அக்கா. கீழ துணி போட்டிருக்கணும்" என்றாள். அடுத்து, "நானா இப்ப எப்படி இருக்காங்க? தலைக்கு மேல தூக்குறாங்களா?" என்று கேட்டாள்.

அவர் வருவதையே நிறுத்திவிட்டார் என்று சொன்னேன். எப்போதிலிருந்து என்று விசாரித்தாள். பிறகு, "கடை எனக்குத் தெரியும்லா. சனிக்கிழமை போலாம், நீங்களும் வாங்க அக்கா" என்றாள்.

இப்போது புதிய மாணவர்கள் வரும்போது அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொள்வேன். உதவியாளர் அண்ணன் இன்னும் பெயர் வைக்கத்தான் செய்கிறார், நானும் சில சமயம் சிரித்துவிடுகிறேன். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன்பே நோயாளியின் கோப்பைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவள் வழக்கம்போலக் கால் மணி நேரம் லேட். தேத்தண்ணி ஆற்றும் மேசைக்குப் பின்னால் வேறு யாரோ நின்றிருந்தார். நானா வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகளைத் தொடங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தண்ணிய ஊத்துனது நான்தான் மிஸ்ஸி. என் கைதான் நழுவிடுச்சு. நான் வந்தா அந்தப் புள்ளைக்குத் திரும்ப ஏச்சு விழும்னுதான் வரல" என்றார். நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே சிந்தாமப் பாத்துக்கறேன். அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா."